மோரே: பர்மா எல்லையில் ஒரு ஊர், டெல்லியில் அதன் காகிதங்கள்

மோரே பற்றித் தமிழில் வரும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். மணிப்பூரின் கடைக்கோடியில் ஒரு கோபுரம், பக்கத்தில் இட்லிக் கடை, ‘இங்கேயுமா தமிழன்!’ என்று ஒரு வியப்பு. அடுத்து அந்தக் கதை: 1960-களில் பர்மாவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் காலூன்ற முடியாமல் தரைவழியாகத் திரும்பப் போனார்கள், பர்மிய ராணுவம் மறித்தது, மறித்த இடத்திலேயே தங்கிவிட்டார்கள். கதை சரிதான். ஆனால் அது பாதியில் தொடங்குகிறது. ராணுவம் மறிப்பதற்கு அங்கே ஒரு எல்லைக்கோடு இருந்திருக்க வேண்டும், வந்தவர்கள் வருவதற்கு ஒரு சாலை இருந்திருக்க வேண்டும். இரண்டும் தமிழர்கள் வருமுன்பே அங்கே இருந்தவை. அவற்றைப் பற்றிய காகிதங்களில் பெரும்பகுதி இம்பாலில்கூட இல்லை, டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கரோல்பாக்கிலோ மயூர் விஹாரிலோ இருக்கும் ஒருவர் மெட்ரோ ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம்.

முதலில் கோடு. இம்பாலிலிருந்து மோரே சுமார் 110 கி.மீ. பலேல் வரை சமவெளி, பிறகு தெங்நௌபால் வழியாக மலை ஏறி இறங்கும் சாலை. மலை இறங்கி முடிகிற இடத்தில் மோரே. அதற்கு அப்பால் விரியும் சமவெளி கபோ பள்ளத்தாக்கு. பர்மாவின் தமு நகரம் அதன் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு யாருடையது என்பதுதான் பழைய சண்டை. 1825-26-இல் மணிப்பூர் இளவரசர் கம்பீர் சிங், ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதத்துடன் பர்மியரை இங்கிருந்து துரத்திவிட்டுப் பள்ளத்தாக்கைத் தன் வசம் வைத்துக்கொண்டார். 1826 பிப்ரவரி 24-இல் முதல் ஆங்கிலேய-பர்மியப் போரை முடித்த யாண்டபூ ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 2-ஆம் பிரிவில் மணிப்பூர் வருகிறது: கம்பீர் சிங் நாடு திரும்ப விரும்பினால் ஆவா அரசர், அதாவது பர்மிய மன்னர், அவரை அந்நாட்டின் ராஜாவாக ஏற்க வேண்டும். அவ்வளவுதான். அந்நாடு எங்கே முடிகிறது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னால் வந்த எல்லா வில்லங்கத்துக்கும் மூலம் அந்த மௌனம்தான்.

ஆவாவில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஹென்றி பர்னி பர்மியப் பழைய ஆவணங்களைப் பார்த்துவிட்டு, பள்ளத்தாக்கு பர்மாவுக்கே உரியது என்று கல்கத்தாவுக்கு எழுதினார். அவர் பேச்சு எடுபட்டது. 1834 ஜனவரி 9-இல் மேஜர் கிராண்டும் கேப்டன் பெம்பர்டனும் பள்ளத்தாக்கைப் பர்மியரிடம் ஒப்படைத்தார்கள். அதே நாளில்தான் கம்பீர் சிங் இறந்தார். ஜனவரி 25-ஆம் தேதியிட்ட உடன்பாட்டில் மணிப்பூருக்கு நஷ்டஈடு மாதம் 500 சிக்கா ரூபாய் (அன்றைய வங்காள நாணயம்) என்று எழுதினார்கள். பள்ளத்தாக்கு எப்போதாவது மணிப்பூருக்குத் திரும்பினால் அந்தத் தொகை நின்றுவிடும் என்றும் ஒரு வரி உண்டு. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் அது குத்தகைதானே, விற்பனை இல்லையே’ என்று மணிப்பூரில் இன்றைக்கும் வாதிடுகிறார்கள். இந்த நஷ்டஈடு பிற்காலக் கணக்குகளில் ஆண்டுக்கு 6,270 ரூபாய் என்று வரும். இரண்டும் ஒரே தொகைதான். சிக்கா ரூபாயைக் கம்பெனி ரூபாயாக மாற்றியதில் வந்த வித்தியாசம். இது தெரியாமல் தொகையை உயர்த்தினார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

ஒப்படைத்தபோது எல்லையாக எதைச் சொன்னார்கள் என்பதுதான் மோரேயைப் பொறுத்தவரை முக்கியம். மலைத்தொடரின் கிழக்கு அடிவாரம் என்று சொன்னார்கள். ஆறோ முகடோ எல்லை என்றால் போய்க் காட்டலாம். அடிவாரத்தை எப்படிக் காட்டுவது? மலை எந்த இடத்தில் முடிந்து சமவெளி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று இரண்டு பேர் நின்று பார்த்தால் இரண்டு பதில் வரும். அதனால்தான் 1881-இல் ஆங்கிலேய அதிகாரி ஜான்ஸ்டன் ஒருமுறை போய்க் கோட்டைத் திருத்தினார், 1896-இல் மாக்ஸ்வெல் மறுபடி போனார். அந்தக் கோடு இன்றைக்கும் பெம்பர்டன்-ஜான்ஸ்டன்-மாக்ஸ்வெல் கோடு என்று மூன்று பேர் பெயரோடு திரிகிறது.

நேரு 1953-இல் கபோ பள்ளத்தாக்கைப் பர்மாவுக்குத் தூக்கிக் கொடுத்தார் என்று வாட்ஸப்பில் வருவதை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று தெரிந்தால் தலை சுற்றும். 1953 மார்ச்சில் நேருவும் பர்மியப் பிரதமர் ஊ நூவும் சேர்ந்து இம்பாலுக்கு வந்தது உண்மை. ஆனால் பள்ளத்தாக்கு அதற்கு 119 ஆண்டுகளுக்கு முன்பே பர்மியக் கையில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் முறையான எல்லை ஒப்பந்தம் 1967 மார்ச் 10-இல்தான் ரங்கூனில் கையெழுத்தானது.

இனி ஜன்பத். தேசிய ஆவணக் காப்பகத்தில் அடையாள அட்டையுடன் வாசகராகப் பதிவு செய்யவேண்டும். கல்லூரியிலோ அலுவலகத்திலோ ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை சுலபம். போகுமுன் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடிக்கொள்ளுங்கள். நிறையக் கோப்புகள் அங்கேயே படமாகக் கிடைக்கின்றன. தேடும்போது மோரே என்று தட்டினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் 19-ஆம் நூற்றாண்டுக் காகிதங்களில் அந்த ஊரை யாரும் பொருட்படுத்தவில்லை. பள்ளத்தாக்கின் பெயரையும் தமுவின் பெயரையும் வைத்துத்தான் தேட வேண்டும், அதுவும் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில்: கபோ அப்போது ‘குபோ’, மணிப்பூர் ‘முன்னிபூர்’, தமு ‘தும்மூ’, சிண்ட்வின் ஆறு மணிப்பூர் வழக்கில் ‘நிங்தி’. 1942 கோப்புகளில் ‘மணிப்பூர் ரோடு’ என்று வந்தால் அது சாலையில்லை, திமாபூர் ரயில் நிலையம். அந்த நிலையத்துக்கு அப்போது அதுதான் பெயர். இதை மணிப்பூருக்குள் தேடி நாளை வீணாக்குகிறவர்கள் உண்டு.

கோப்பு கேட்கும் சீட்டில் துறை, கிளை, தேதி, எண் எல்லாம் எழுத வேண்டும். 1834-ஐ ஒட்டிய வெளியுறவுத் துறைக் காகிதங்கள் ‘கன்சல்டேஷன்’ என்ற முறையில் இருக்கும். நாள், மாதம், ஆண்டு, அதன் கீழ் எண் என்று கொடுக்க வேண்டும். 1860-க்குப் பிறகு ‘ப்ரொசீடிங்ஸ்’ என்று மாறுகிறது. மாதமும் எண்களும் போதும், ஆனால் ஏ-யா பி-யா என்று குறிக்கத் தவறினால் சீட்டு திரும்பி வரும். ஏ என்றால் முக்கியம் என்று கருதி அச்சிட்டவை. பி வகையைச் சாதாரணம் என்று ஒதுக்கினார்கள். எல்லை ஓரத்தில் நடந்த சில்லறை விஷயங்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். கோப்போடு ‘கே.டபிள்யூ.’ என்ற இரண்டெழுத்து இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட அலுவலகக் குறிப்புகள் அவை. வெளியே போன கடிதம் மரியாதையாக இருக்கும். யார் யாரைத் திட்டினார்கள் என்பது கே.டபிள்யூ-வில் தெரியும்.

சீட்டு எப்போதும் கோப்பாகத் திரும்பாது. ‘என்.டி.’ என்று எழுதி வந்தால் அந்தக் கோப்பு துறையிலிருந்து காப்பகத்துக்கே வரவில்லை என்று பொருள். ‘ப்ரிட்டில்’ என்று வந்தால் தாள் தொட்டால் உடைகிற நிலை. நுண்படச் சுருள் இருக்கிறதா என்று கேளுங்கள், சில சமயம் இருக்கும். இந்த இரண்டும் வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு, ஒரே நாளில் ஒரே கோப்பை நம்பிப் போகாமல் ஐந்தாறு எண்களைக் குறித்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். பென்சில் எடுத்துப் போங்கள். கோப்பு வரும்போது துணிநாடா கட்டி வரும். அவிழ்ப்பதில் சிரமம் இல்லை, திரும்பக் கட்டும்போதுதான் கவனம். நாடாவை இழுத்து முடிந்தால் ஓரம் நொறுங்கி மேசையில் பழுப்புத் தூளாக உதிரும். அடுத்தவருக்கு அந்த ஓரத்தில் இருந்த எண் கிடைக்காது.

அடுத்து சாலை. 1942 வரை இது ஒரு மலைத்தடம்தான். ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்ததும் பர்மா இந்தியர்கள் பெருங்கூட்டமாகத் தமு வழியாக வெளியேறினார்கள். அதே வழியில் அந்த மே மாதம் ஆங்கிலேயத் தளபதி ஸ்லிம்மின் படை பின்வாங்கி வந்தது. தேயிலைத் தோட்டக் கூலிகளை இறக்கி இந்தியத் தேயிலைச் சங்கம் வெட்டித் தந்த சாலையில்தான் ராணுவ லாரிகள் ஓடின. மலை முடிகிற இடம் என்பதால் மோரே ஒரு பெரிய ராணுவச் சரக்குக் கிடங்காக மாறியது. 1944-இல் ஜப்பானியர் கபோ பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறி வந்தபோது, தளபதி கிரேசியின் 20-ஆவது இந்திய டிவிஷன் மோரேயில் தூக்க முடியாததையெல்லாம் கொளுத்திவிட்டுத் தெங்நௌபால் பக்கம் பின்வாங்கியது. மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் கணிசமாக இருந்த இந்திய தேசிய ராணுவத்தின் காந்தி படையணியும் இதே பலேல் பாதையில்தான் வந்தது. ஆக, 1960-களுக்கு முன்பே தமிழர் கால் இந்தச் சாலையில் இருமுறை பட்டிருக்கிறது: ஒருமுறை அகதியாக, ஒருமுறை சிப்பாயாக. அந்த 1942 அகதிகள் பற்றிய கோப்புகளை வெளியுறவுத் துறையில் தேடாதீர்கள். 1941 முதல் 1944 வரை இருந்த ‘கடல்கடந்த இந்தியர் துறை’, அதன் பிறகு வந்த ‘காமன்வெல்த் உறவுத் துறை’ இரண்டிலும் பாருங்கள்.

1962 மார்ச் 2-இல் பர்மிய ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-64-இல் வங்கியில் தொடங்கிக் கடை வரை அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடை போனவனுக்குக் கையிருப்பும் போயிற்று. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களின் கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்ததுதான். பர்மா காலனி இல்லாத பெரிய ஊர் குறைவு, பர்மா பஜார் தெரியாத சென்னைக்காரர் இல்லை. அங்கே நிலைக்காதவர்களில் ஒரு பகுதிதான் வடகிழக்குக்குப் போனது. சென்னையிலிருந்து பர்மா வரை நடந்தே போனார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். திமாபூர் வரை ரயில் இருந்தது, அங்கிருந்து இம்பால் வழியாகப் பலேல் வரை மோட்டார் சாலை இருந்தது. அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.  தமுவைத் தாண்டப் பார்த்தவர்களைப் பர்மியக் காவல் திருப்பி அனுப்ப, அடிவாரத்தில் தங்கினார்கள். கோடு மலையடிவாரத்தில் போடப்பட்டதால் ஊரும் மலையடிவாரத்தில். முகட்டில் போட்டிருந்தால் தண்ணீர் கிடைக்காத ஒரு சரிவில் நின்றிருப்பார்கள். ஊர் உருவாகியிருக்குமா என்பதே சந்தேகம்.

அங்காள பரமேஸ்வரி - முனீஸ்வரர் கோயில், தமிழ்ச் சங்கம், பங்குனித் திருவிழா, தீமிதி என்று மற்றதெல்லாம் காணொளிகளில் விரிவாகவே இருக்கிறது. அவற்றில் இல்லாதது சந்தை எப்படி நடந்தது என்பது. 1994 ஜனவரி 21-இல் இந்திய-மியான்மர் எல்லை வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1995 ஏப்ரல் 12-இல் மோரே சுங்க நிலையம் திறந்தது. அனுமதித்த பொருள்கள் 22. பிறகு 40, 2012-இல் 62. பணத்துக்குப் பதில் சரக்குக்குச் சரக்கு என்ற பண்டமாற்று முறைதான் அடிப்படை. பட்டியலில் பாக்கு, இஞ்சி, பயறு மாதிரி விளைபொருள்தான் இருந்தது. ஆனால் சந்தையில் விற்றது தாய்லாந்துச் செருப்பும் சீனக் கம்பளியும் எலெக்ட்ரானிக்ஸும். பட்டியலில் இல்லாதது எப்படி வந்தது? தலைச்சுமையாக. எல்லையின் இரண்டாம் கேட்டைத் தாண்டினால் உடனே பர்மியப் பக்கத்து நம்ஃபாலோங் சந்தை. உள்ளூர்க்காரர் பகலில் போய் மாலைக்குள் திரும்பலாம். கையில் எடுத்துவருவது சில்லறை. அந்தச் சில்லறையை நூறு தலை சுமந்தால் இம்பாலுக்கு ஒரு லாரி. புதிதாக வந்து மாட்டிக்கொண்டவர்களின் பிரச்சினை ஒன்று: பர்மிய நேரம் நம்மைவிட 1 மணி நேரம் முன்னால். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிதானமாகப் பேரம் பேசினால் அந்தப் பக்கக் கதவு மூடிவிடும்.

2015 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி பண்டமாற்றை நிறுத்தி வழக்கமான வங்கிவழி வணிகம் என்றது. காகிதத்தில் இது முன்னேற்றம். ஊருக்கு இது அடி என்றே சொல்வேன். பண்டமாற்றில் ஓடியது சிறு வியாபாரி. வங்கிவழி என்று வந்தால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு, அந்நியச் செலாவணிக் கணக்கு, சரக்கின் பிறப்பிடச் சான்று எல்லாம் வேண்டும். இவ்வளவையும் வைத்திருப்பவர் கல்கத்தா துறைமுகத்திலேயே இறக்கிக்கொள்வார், மோரே மலை ஏறமாட்டார். 2019 ஜனவரியில் பெரிய ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைப் பிரதமர் திறந்துவைத்தார். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை மூடியது. 2021 பிப்ரவரி 1-இல் மறுபக்கம் ராணுவப் புரட்சி. 2022 ஜூலை 5-இல் மோரேயிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே 3-இல் குக்கி-மெய்தெய் இனக்கலவரத்தில் மணிப்பூர் பற்றியெரிந்தபோது மோரேயில் மெய்தெய் வீடுகள் எரிந்தன. ஒட்டியிருந்த தமிழர் வீடுகளும் தப்பவில்லை. குக்கியும் மெய்தெயும் நாகரும் உரிமை கோரும் மண்ணில் இவர்கள் யாருடைய கட்சியும் இல்லை. அது பாதுகாப்பு என்று வெளியூரிலிருந்து நினைக்கிறோம். நெருப்பு கட்சி கேட்டு வருவதில்லை.

அடிவாரக் கோட்டின் சண்டையும் தீரவில்லை. மோரே பக்கத்து எல்லைக்கல் 79-ஆம் எண். அதிலிருந்து 81 வரையிலான பகுதியில் வேலி போடத் தொடங்கியதும், வேலி நம் மண்ணுக்குள் தள்ளிப் போடப்படுகிறது என்று 2013-இல் எதிர்ப்பு வந்தது. 2018-இல் 81-ஆம் கல்லை வைத்து க்வாதா கூனோவ் கிராமத்தில் தகராறு. பத்து கி.மீ. வேலி இப்போது முடிந்துவிட்டது. எல்லையின் இருபுறமும் 16 கி.மீ. வரை விசா இல்லாமல் போய்வரலாம் என்றிருந்த ஏற்பாட்டை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் உள்துறை அறிவித்தது. அந்த ஆண்டு முடிவில் அது 10 கி.மீ. தூரமும் எல்லைச் சீட்டும் என்று சுருங்கியது.

மக்கள்தொகைக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி. 2011-இல் மோரேயின் மக்கள் 16,847. இதைத் தெங்நௌபால் மாவட்டத்தில் தேடினால் கிடைக்காது. அப்போது அது சந்தேல் மாவட்டம், இன்றைய தெங்நௌபால் 2016 டிசம்பரில்தான் பிரிந்தது. 1981 கணக்கில் தேடினால் நேர்மாறு. 1974-இல் உருவான மாவட்டத்தின் பெயரே தெங்நௌபால், 1983-இல்தான் சந்தேல் என்று மாற்றினார்கள். ஒரே பெயர், இரண்டு வெவ்வேறு பரப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுதான் கிடைக்கும். தமிழ் பேசுவோர் எத்தனை என்பதற்குத் தாய்மொழி அட்டவணையான சி-16-ஐ மாவட்டவாரியாகப் பாருங்கள். அதில் வருவது மாவட்டத்துக்கான எண், ஊருக்கானது இல்லை.

சொந்தக் குடும்பத்தில் பர்மா தொடர்பு உள்ளவர்கள் ஜன்பத் போகுமுன் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கவேண்டும். பர்மாவில் இருந்த இந்தியர் பலரிடம் ‘எஃப்.ஆர்.சி.’ என்ற வெளிநாட்டார் பதிவுச் சான்று இருந்தது. புகைப்படமும் எண்ணும் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் பாட்டிதான் அதைப் பத்திரப்படுத்தியிருப்பார், அதுவும் ரேஷன் அட்டைக்கு அடியில். அதில் உள்ள ஊர்ப் பெயரைப் பர்மிய உச்சரிப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள்; தமிழர் வழக்கில் அதே ஊர் வேறு பெயரில் இருக்கும். தாயகம் திரும்பியோருக்கான கடன், வீடு பற்றிய கோப்புகள் டெல்லியில் கிடைக்காவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பொது மற்றும் மறுவாழ்வுத் துறையின் பெயரில் கேட்க வேண்டும். மோரேவுக்கே நேரில் போவதானால் 2020 ஜனவரியிலிருந்து மணிப்பூருக்கு உள்நுழைவு அனுமதி கட்டாயம். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், டெல்லி மணிப்பூர் பவனிலும் கேட்கலாம். அனுமதி கையில் இருந்தாலும் பலேலுக்கு மேல் சாலை திறந்திருக்கிறதா என்று கிளம்புகிற அன்று காலையில் விசாரியுங்கள். குடெங்தாபி சோதனைச் சாவடியில் வண்டியைத் திருப்பச் சொன்னால் மொத்த மலையையும் திரும்ப ஏறி இறங்க வேண்டியிருக்கும்.